மீனாஸ் பாடாத பதில்

கிரேக்கத் தீவொன்றில் இருக்கும் ஒலிம்போஸ் ஊர் ஆண்களுக்கு நேராகப் பேச வராது. கோபமோ மன்னிப்போ, எதுவானாலும் திருவிழா மேசையில் ஈரடிப் பாட்டாகத்தான் வரும். ஒருவன் அங்கேயே கட்டிப் பாடுவான். சுற்றி இருப்பவர்கள் ஒவ்வொரு அடியையும் திருப்பிப் பாடுவார்கள். யாரைப் பார்த்துப் பாடினானோ அவன் பதில் பாட வேண்டும். வாயைத் திறக்காவிட்டால் ஏற்கவில்லை என்று அர்த்தம்.

பதில் கட்டுவதில் மீனாஸை மிஞ்ச ஆள் கிடையாது. அவரும் அதை ஒரு நாளும் மறந்ததில்லை. அந்தப் பெருமைதான் அவர் குடியைக் கெடுத்தது.

அவருடைய ஒரே மகன் லெஃப்தேரிஸ், தலைப்பிள்ளைக்கு ஊர் வழக்கப்படி தன் தகப்பன் பேரை வைக்காமல் மாமனார் பேரை வைத்துவிட்டான். மாமனார் செத்து நாற்பது நாள் ஆகவில்லை, மனைவி அழுதாள், வைத்தான். வேறு ஊரில் இது ஒரு விஷயமா? இங்கே தகப்பனை உயிரோடு புதைத்த மாதிரி. மீனாஸ் மகனோடு பேச்சை நிறுத்தினார்.

இரண்டு வருஷத்துக்கு முன் மாதா திருவிழாவில், மறுநாள் கப்பல் வேலைக்குப் போகவேண்டிய லெஃப்தேரிஸ் அப்பாவுக்கு எதிரே எழுந்து நின்று பாடினான்:

"மூத்தவன் பேரில் பிழைசெய்தேன், முகத்தைத் திருப்பாதே அப்பா
அடுத்தவன் பேரு மீனாஸ்தான், அருகே இருக்கவிடு அப்பா"

நாற்பது பேர் திருப்பிப் பாடினார்கள். பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். மீனாஸுக்கும் மனசு இளகிவிட்டது. சாதாரணமாக ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மகன் இவ்வளவு அழகாகக் கட்டியிருக்கும்போது தகப்பன் சப்பென்று ஒன்றைப் பாடுவதா? இன்னும் நல்லதாக ஒன்று தேடினார். லீரா என்ற நரம்புக் கருவி வாசிக்கும் அந்திமோஸ் வில்லை இழுத்து இழுத்து மெட்டை மூன்று சுற்று சுற்றினார். மீனாஸ் தேடிக்கொண்டே இருந்தார். லெஃப்தேரிஸ் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனான்.

'அடுத்த விடுமுறைக்கு வருவான், அதற்குள் பிரமாதமாக ஒன்று கட்டிவிடலாம்' என்று மீனாஸ் நினைத்தார். குளிர்காலத்தில் அந்தக் கப்பல் மூழ்கியது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

போன வருஷம் திருவிழாவில் லீரா உறையைவிட்டு எழவில்லை. சாவு விழுந்த வீட்டுத் தாய் வாய் திறந்து சரி என்று சொல்லாமல் இந்த ஊரில் யாரும் வாசிக்கமாட்டார்கள். இந்த வருஷமும் எல்லோரும் மீனாஸின் மனைவி கலித்ஸாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீனாஸும்தான். பதில் கடைசியில் கிடைத்துவிட்டது. அதைப் பாடாமல் செத்தால் அவர் நெஞ்சு வேகாது.

கலித்ஸா அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவனுக்குப் பதில் கட்டிட்டேன்" என்றார்.

"பாடு, கேக்கறேன்."

பாடினார்:

"பேருக்காகச் சண்டை போட்டேன், பிள்ளை நீதான் என் பேரு
நீரு உன்னை மூடிய பின்னே நெஞ்சில் எதுக்கு அந்தப் பேரு"

கலித்ஸா கத்தியைக் கீழே வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஊரே அழும். மீனாஸ் மீனாஸ்தான்யான்னு முதுகுல தட்டுவாங்க."

"அதுக்கா கட்டினேன்? அவனுக்குடி."

"அவனுக்கா? அன்னிக்கு அவன் என்ன கேட்டான்? பக்கத்துல இருக்க விடுன்னான். 'உக்காருடா'ன்னு ஒரு வார்த்தை. அதுக்கு எதுகை மோனை தேடினியாய்யா நீ? விடியறவரைக்கும் இந்த அடுப்புப் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். 'அம்மா, அப்பா எந்திரிச்சாரா, எந்திரிச்சாரா'ன்னு எத்தனை தடவை கேட்டான் தெரியுமா?"

மீனாஸுக்கு அது தெரியாது. அந்த விடியலில் அவர் விழித்துத்தான் கிடந்தார், பாட்டுக் கட்டிக்கொண்டு.

வாசலில் அந்திமோஸ் வந்து தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். "அக்கா, புள்ளைங்க ஆடிப் பாத்து ரெண்டு வருஷமாச்சு. நீங்க வேணாம்னா வேணாம்."

"வாசிங்க தம்பி. ஊர்ப் புள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு" என்றாள் கலித்ஸா. "இவரும் வருவாரு."

திருவிழாவன்று பூசை முடிந்து, ஆட்டுக்கறி சாப்பிட்டு, பகல் வெளிச்சத்திலேயே மேசை கூடியது. அந்திமோஸ் லீராவை முழங்காலில் நிறுத்தி, மீனாஸைப் பார்த்துத் தலையசைத்தார். மீனாஸ் எழுந்தார். எல்லோரும் கைக்குட்டையோடு தயாராக இருந்தார்கள். அவர் என்ன கட்டிக்கொண்டு வந்திருப்பார் என்று எதிர்பார்க்காத ஆள் இல்லை.

அவர் வாயைத் திறந்தார். கட்டிய பாட்டை அவரால் பாட முடியவில்லை. பாட வெட்கமாக இருந்தது.

"உக்காருடா லெஃப்தேரிஸ்" என்றார். "போகாதடா. உக்காரு."

அதில் மெட்டும் இல்லை, அடியும் இல்லை. அந்திமோஸின் வில் தடுமாறியது. எது வந்தாலும் திருப்பிப் பாட வேண்டும் என்பது மேசை முறை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு கிழவர் தொடங்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

"உக்காருடா லெஃப்தேரிஸ். போகாதடா. உக்காரு."

வெளியே பெண்களோடு நின்ற கலித்ஸா, அத்தனை குரலும் தன் மகனைக் கூப்பிடுவதைக் கேட்டுத் தன்னையறியாமல் துறைக்கு இறங்கும் பாதையைத் திரும்பிப் பார்த்தாள்.