கட்டின கல்லைக் கழற்றக் கூடாது

கலீமுல்லாவின் கை ராசியான கை என்று மயிலாப்பூர் நம்பியது. அந்த நம்பிக்கை தானாக வந்துவிடவில்லை. இருபத்தெட்டு வருஷம் அவரே பாடுபட்டு வளர்த்தது.

ராயப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் வீடு. முன் அறையில் சாணைச் சக்கரம், பின் அறையில் குடும்பம். கல்லை வாங்குவதும் பட்டை தீட்டுவதும் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்பதும் அவரேதான். கறுப்புக் கோட்டின் உள்பையில் காகிதப் பொட்டலங்களும் ஒரு பூதக்கண்ணாடியும் இருக்கும். அதோடு வாயில் நாலைந்து கதைகளும் தயாராக இருக்கும்.

லஸ்ஸில் ஒரு டாக்டர் வீட்டுக்குப் பவளம் கொடுத்தார். பத்தாம் மாதம் அங்கே ஆண் குழந்தை பிறந்தது. பவளம் போகாவிட்டாலும் பிறந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு எந்த வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தாலும் அந்தக் குழந்தையைச் சொல்லாமல் விட்டதில்லை. குழந்தை வளர்ந்து காலேஜுக்குப் போன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கல்லு பேசாது. அதான் நீங்க பேசறீங்க" என்பாள் அவர் மனைவி சகினா.

நீலக்கல் வாங்குகிறவர்கள் அதை மூன்று ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். கெட்ட கனவு வந்தாலோ வீட்டில் ஏதாவது நேர்ந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடலாம், விற்கிறவர் மறுபேச்சுப் பேசக் கூடாது. அந்த வழக்கத்தோடு கலீமுல்லா தாமாக ஒன்றைச் சேர்த்திருந்தார். நகையில் கட்டின கல்லைக் கழற்றக் கூடாது, கழற்றினால் ராசி போய்விடும் என்பது அது. எந்த சாஸ்திரத்திலும் இல்லாத விஷயம். கழற்றிய கல் இன்னொரு தரகன் கைக்குப் போகும், அவன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பான், ஒன்றுமில்லாததற்கு ஒரு குறை சொல்வான். அதைத் தடுக்கத்தான் அப்படி ஒன்றைச் சொல்லிவைத்தார். மயிலாப்பூர்ப் பெண்கள் அதை ஏகாதசி விரதம் மாதிரி பிடித்துக்கொண்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றாம் வருஷம் ஐப்பசியில் இலங்கையிலிருந்து வந்த ஷாஹுல் ஹமீது ஒரு கல்லைக் காட்டினார். பார்த்தால் தண்ணீர் வெளுப்பு. ஒரு மூலையில் மட்டும் மசிப்பொட்டு வைத்த மாதிரி நீலம். வேறு யாரும் அதைச் சீந்தவில்லை. கலீமுல்லா சகினாவின் வளையல்களை விற்று வாங்கினார். பதினோரு நாள் சக்கரத்தில் வைத்து, உள்ளே இருந்த மூன்று வெள்ளை இழைகளில் விரிசல் விழாமல், அந்த நீலப் பொட்டு கல்லின் அடிமுனையில் வந்து உட்காரும்படி பட்டை தீட்டினார். நிறம் அடியில் உட்கார்ந்துவிட்டால் மேலே பார்க்கிறபோது கல் முழுக்கப் பரவித் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால்தான் வெளுப்பு. இலங்கை நீலத்தில் பாதி அப்படித்தான் தீட்டப்படுகிறது. அதை ஏமாற்று என்று தொழிலில் யாரும் சொல்வதில்லை, வேலை என்றுதான் சொல்வார்கள். பதினோராம் நாள் கல்லைத் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தபோது, தம் ஆயுசில் இதைவிட நல்ல வேலை செய்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

வக்கீல் ஸ்ரீனிவாசராகவனுக்கு அப்போது ஏழரை நாட்டுச் சனி. நீலம் போட்டுக்கொள்ளச் சொல்லி ஜோசியர் எழுதிக் கொடுத்திருந்தார். கலீமுல்லா தொள்ளாயிரம் சொன்னார். வக்கீல் ஐந்நூறுக்கு மேல் ஏறவில்லை.

"கல்லு ஒசத்திதான், நான் இல்லேங்கலை. வெலைதான் ஓய் ஜாஸ்தி. சரி, மூணு நாள் ஆத்துல வெச்சுப் பாக்கறோம்."

வக்கீலின் மனைவி ஜெயலக்ஷ்மி அதை மஞ்சள் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்தாள். முதல் ராத்திரி ஒன்றுமில்லை. மறுநாள் சாயங்காலம், அவர்கள் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த அவள் தம்பி சங்கரன் கச்சேரி ரோட்டில் சைக்கிளோடு ஒரு ஜட்காவில் மோதிக் காலை ஒடித்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் கலீமுல்லா போனபோது மஞ்சள் முடிச்சு வாசல் படியிலேயே வைக்கப்பட்டிருந்தது. ஜெயலக்ஷ்மியின் கண்கள் சிவந்திருந்தன.

"எடுத்துண்டு போயிடுங்கோ பாய். ஒரு நிமிஷம்கூட இங்கே இருக்கப்படாது. நேக்கு இருக்கறது ஒரே தம்பி."

கல்லுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அவருக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்டால் பவளத்துக்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று ஆகிவிடும். முடிச்சை எடுத்துக்கொண்டார். வக்கீல் ஈஸிசேரிலிருந்து எழுந்திருக்காமலே, "வருத்தப்படாதேயும் ஓய், எல்லாத்துக்கும் வேளைன்னு ஒண்ணு இருக்கோல்லியோ" என்றார்.

ஜெயலக்ஷ்மி கெட்டவள் அல்ல. நடந்ததை நடந்தபடி குளத்தங்கரையிலும் சபா கச்சேரியிலும் சொன்னாள், அவ்வளவுதான். கார்த்திகை முடிவதற்குள் மாட வீதிகளில் கலீமுல்லாவுக்குக் கதவு திறப்பது நின்றுபோயிற்று. "இப்ப ஒண்ணும் வேணாம் பாய்" என்று உள்ளேயிருந்தே குரல் வரும். மாம்பலத்தில் புது வீடு கட்டிக்கொண்டு போனவர்களிடம் போய்ப் பார்த்தார். அவர்களும் மயிலாப்பூரிலிருந்து போனவர்கள்தானே, செய்தி அவருக்கு முன்னாலேயே குடிபோயிருந்தது. அந்த நீலத்தை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் மிஞ்சியது. பாய் கை போனாலும் கண் போகவில்லை என்று ஜனங்கள் சொன்னார்கள். வேறு தரகன் கொண்டுவந்த கல்லைச் சோதித்து நல்லதா, ஜெர்மன் சாயக் கல்லா என்று சொல்லக் கூப்பிட்டார்கள். பார்த்துச் சொன்னால் எட்டணா, ஒரு ரூபாய். கலீமுல்லா அதில் ஜீவனம் நடத்தினார்.

தை மாதம் அவர் தங்கை மகன் ஷரஃபுதீன் வந்தான். அவனும் கல் தரகன்தான். காலில் பளபளவென்று புதுப் பம்ப் ஷூ. நடக்கும்போது கிறீச்சென்று கத்தும்.

"இன்னா மாமு, அந்த நீலத்த வெச்சிக்கினு அடைகாக்கிறியா?"

"வாங்க ஆளு கீதா சொல்லு. சும்மா வந்து நக்கல் பண்ணாத."

"ரங்கூன் பார்ட்டி ஒண்ணு கீது. அவனுக்கு மயிலாப்பூர் கதையெல்லாம் தெரியாது. காட்டு கைய."

இருவரும் பாயில் உட்கார்ந்தார்கள். ஷரஃபுதீன் மேல்துண்டை இருவர் கைமேலும் போட்டான். கல் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. துணிக்கு அடியில் விரலைப் பிடித்துச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியக் கூடாது. ஷரஃபுதீன் மூன்று விரலைப் பிடித்தான், விரலுக்கு நூறு. கலீமுல்லா உதறிவிட்டு அவன் கை முழுவதையும் பற்றினார். அவன் மறுபடி மூன்றைப் பிடித்தான். வெளியே முகங்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

"இன்னா மருமவனே, சொந்த மாமன்கிட்டியே கத்தி வெக்கிற?"

"பார்ட்டிக்கு நான் சொன்னாதான் உண்டு மாமு. யோசிச்சிக்கோ."

கடைசியில் அவன் நாலாவது விரலையும் சேர்த்துப் பிடித்தபோது கலீமுல்லா உதறவில்லை. நானூறு. சகினாவின் வளையல் விலையைவிடக் கொஞ்சம் குறைவு. அவள் பணத்தை வாங்கி எண்ணாமலே பெட்டியில் வைத்தாள். கேட்டிருந்தாலே தேவலை என்று இருந்தது.

வைகாசியில் ஜெயலக்ஷ்மி ஆள் அனுப்பினாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறினார். வக்கீல் கோர்ட்டிலிருந்து இன்னும் வரவில்லை. முன் ஆபீஸ் அறையில் சட்டப் புஸ்தக அலமாரிக்குப் பக்கத்தில் அவருக்கு நாற்காலி போட்டார்கள்.

"வாங்கோ பாய். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதேங்கோ. சங்கரன் இப்ப நன்னா நடக்கறான். உங்க கண்ணு மேல இன்னிக்கும் நேக்கு நம்பிக்கை இருக்கு, அதான் கூப்பிட்டேன். இதைப் பாத்துச் சொல்லுங்கோ."

ஒரு தங்க மோதிரம். நடுவில் நீலம்.

"தை மாசம் ஷரஃபுதீன்னு ஒரு பாய் கொண்டு வந்தார். உங்களுக்கு ஒறவாமே? என்ன கை ராசி, அப்பா! இது வந்த மாசமே இவருக்கு ஜமீன் கேஸ் ஜெயிச்சுடுத்து. ஏதாவது தோஷம் கீஷம் இருக்கான்னு மட்டும் ஒரு தடவை பாத்துடுங்கோ. இன்னிக்கு ஆத்துல மறந்து கழட்டி வெச்சுட்டுப் போயிட்டார்."

கலீமுல்லா ஜன்னலோரம் போய்ப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கல்லின் உள்ளே, ஒரு ஓரத்தில், மூன்று வெள்ளை இழைகள் ஒரே புள்ளியில் வந்து கூடியிருந்தன. பதினோரு நாள் அந்த இழைகளுக்கு வலிக்காமல் அவர் சக்கரம் சுற்றியிருக்கிறார். அடிப்பக்கம் தங்கத் தகடு வைத்து மூடியிருந்தது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

"என்ன பாய்?"

"அம்மா, இது நான் குடுத்த கல்லு."

ஜெயலக்ஷ்மி சிரித்துவிட்டாள். "விளையாடறேளா? அது இருட்டா, பாக்கவே பயமா இருந்தது. தலைமாட்டுல வெச்சுண்டவளுக்குத் தெரியாதா? இது ஆகாசமாட்டம் இருக்கு."

"தங்கத்துல வெச்சா எடுப்பாத்தாம்மா இருக்கும். உள்ளாற மூணு இழை ஓடுது பாருங்க." கண்ணாடியைக் கொடுத்தார். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள், திருப்பி வைத்துக்கொண்டும் பார்த்தாள்.

"நீலமாத்தான் தெரியறது. இழையும் இல்லை, ஒண்ணும் இல்லை."

"அப்ப கல்லக் கழட்டிப் பாருங்க. பக்கவாட்டுல தண்ணி மாதிரி வெளுப்பா இருக்கும். அடியில மட்டும் ஒரு பொட்டு நீலம். அப்டி இல்லேன்னா நான் இந்தப் பக்கமே தல வெச்சுப் படுக்க மாட்டேன்."

அவள் சட்டென்று மோதிரத்தை அவர் கையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். "கழட்டறதா? கட்டின கல்லைக் கழட்டப்படாதுன்னு சொன்னதே நீங்கதானே! எங்கம்மா வைரத்தோட்டுல அழுக்கு எடுக்கக்கூட விடலையே நீங்க."

"அது... அது நான் சும்மா சொன்னதும்மா."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையின் கனம் அவருக்கே தெரிந்தது. ஜெயலக்ஷ்மிக்குக் கோபம் இல்லை. குழந்தை கேட்கிற மாதிரி கேட்டாள்:

"அப்ப எதெல்லாம் சும்மா சொன்னேள் பாய்? எதெல்லாம் நிஜம்?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வக்கீல் அறைக்குள் வந்து, மனைவி கையையும் கலீமுல்லாவின் முகத்தையும் பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"ஜயம், பாய்க்குக் காபி கொண்டு வா."

அவள் உள்ளே போனதும் வக்கீல் தலைப்பாகையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கோர்ட்டுக்குப் போவீரா ஓய்?" குரல் சாதாரணமாக இருந்தது. "நானே நடத்தித் தரேன். சாட்சி யாரு? உம்ம மருமான், ரங்கூன் பார்ட்டின்னு சொல்லி வாங்கினவன். என்ன வெலைக்குக் குடுத்தேர்? துணிக்கு அடியில குடுத்தேர். யார் பாத்தா?"

"சாமி, பையன் கால் ஒடிஞ்சது..."

"அது நெஜமாவே ஒடிஞ்சதுய்யா. நானா ஒடிச்சேன்? அவ பயந்தா. நான் பயப்படலை, அவ்வளவுதான். அன்னிக்கே ஐந்நூறுக்கு விட்டிருந்தேர்னா உமக்கும் இந்தக் கஷ்டம் இல்லை, நேக்கும் இல்லை."

ஜெயலக்ஷ்மி காபியோடு வந்தாள். அவருக்கென்று எப்போதும் தனியாக வைத்திருக்கும் கண்ணாடித் தம்ளர். அதை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, கணவரிடம் மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"பாவம், பாய்க்குக் கண்ணு சரியாத் தெரியலை போலிருக்கு. இதையே அதுங்கறார்."

"வயசாறதோல்லியோ" என்றார் வக்கீல்.

"எழும்பூர்ல கண்ணாஸ்பத்திரி இருக்கே பாய். ஒரு தடவை காட்டிண்டு வந்துடுங்கோ." நிஜமான கரிசனத்தோடு ஒரு ரூபாயை மேஜைமேல் வைத்தாள். கலீமுல்லா காபியைக் குடித்தார். ரூபாயை எடுக்கவில்லை. படி இறங்கித் தெருமுனை வரை போன பிறகுதான், வக்கீல் வீட்டு மேஜைமேல் பூதக்கண்ணாடியை விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் எடுத்துக்கொண்டார். அப்போதும் ரூபாய் அங்கேயே இருந்தது. இந்தத் தடவை அதையும் எடுத்துக்கொண்டார். வீட்டில் அரிசி இல்லை.

வெள்ளிக்கிழமை கஸ்தூரிரங்கன் வீட்டில் ஒரு ஜோடி வைரத்தோடு பார்த்துச் சொல்ல அவரை வரச் சொல்லியிருந்தார்கள். சொன்ன நேரத்துக்குப் போனார். வீட்டுக்கார அம்மாள் கதவைப் பாதி திறந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் கண்களைப் பார்த்தாள்.

"இல்லை பாய். வேற ஒருத்தரை வரச் சொல்லிட்டோம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

படியில் ஒரு ஜோடி பம்ப் ஷூ கிடந்தது. உள்ளேயிருந்து ஷரஃபுதீனின் குரல் கணீரென்று கேட்டது.

"லஸ்ஸுல ஒரு டாக்டர் வூட்டுக்கு எங்க கையால பவளம் குடுத்தோம்மா. பத்தாம் மாசம் ஆம்பளப் புள்ள. இப்ப காலேஜ்ல படிக்குது. வேணும்னா போய்க் கேட்டுப் பாருங்க."

உள்ளே பெண்கள் வியந்து பேசிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கலீமுல்லா, தாம் கழற்றியிருந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டார்.