பிரகதாம்பாள் தோட்டம்

டிவிக்காரர்களின் கார் வந்து நின்றபோது பிரகதாம்பாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். வல்லத்திராக்கோட்டையில் அவர்கள் தெருவுக்குள் கார் வருவது அதிசயமில்லை. அவளுடைய அண்ணன் ஆத்மநாதன் வடக்கே ஒரு மலை மாநிலத்துக்கு ஆளுநராகப் போன பிறகு கட்சிக்காரர்களும் காண்ட்ராக்டர்களும் வந்து கும்பிட்டுவிட்டுப் போவது வழக்கமாகியிருந்தது. ஆனால் மைக்கோடு யாரும் வந்ததில்லை.

இறங்கி வந்த பெண் தன் பெயர் இசைவாணி என்றாள். திருச்சியிலிருந்து வருவதாகச் சொல்லிவிட்டு நேரே கேட்டாள்.

"திருமயம் பக்கத்துல இருக்குற பெரிய தோட்டம் ஒங்களோடதுதானேம்மா?"

"எனக்கு ஏதுங்க தோட்டம்? மேட்டுல ஒரு துண்டு நெலம் இருக்கு. மழை பேஞ்சா கடலை போடுவோம். பேயாட்டி சும்மா கெடக்கும்" என்றாள் பிரகதாம்பாள். வெயிலில் வந்த பெண்ணின் முகம் சிவந்திருந்ததைப் பார்த்து, "இருங்க, மோர் கொண்டாரேன்" என்று உள்ளே போனாள். மோர் சொம்போடு அவள் திரும்பி வருவதையும் கேமராக்காரர் படம் எடுத்தார்.

என்ன நடந்திருக்கிறது என்பது அதற்கப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது. அந்த மாநிலத்துப் பல்கலைக்கழகங்களுக்கு ஆளுநர்தான் வேந்தர். துணைவேந்தர் பதவிகளை அவர் விலைக்கு விற்றார் என்று அங்கே புகார் கிளம்பியிருந்தது. ஒருவர் துணைவேந்தரான அதே மாதத்தில், அவருடைய மைத்துனர் திருமயம் அருகே வாங்கிப் போட்டிருந்த தோட்டம் ஆளுநரின் தங்கை பெயருக்கு மாறியிருக்கிறது என்று செய்தியில் சொன்னார்கள்.

கணவர் பெரியகருப்பன் டிவியை அணைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "கோயில் டிரஸ்டுக்குன்னு சொல்லி ஒன்னையக் கார்ல கூட்டிட்டுப் போனாங்கள்ல, பத்திர ஆபீசுக்கு?"

அவளுக்கும் அதுதான் நினைவுக்கு வந்தது. அண்ணன் அனுப்பிய ஆள் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. அண்ணன் சொன்னது என்பதே போதுமானதாக இருந்தது. அண்ணனின் பதவியேற்புக்கு விமானத்தில் போயிருந்தபோது, ராஜ்பவன் படிக்கட்டில் ஒரு சிப்பாய் அவளுக்கு சல்யூட் அடித்ததும், அண்ணன் ஒரு கையை உயர்த்தியதும் பேண்டு வாத்தியம் மொத்தமாக நின்றதும் அவள் கண்ணைவிட்டு நீங்கவே இல்லை. அப்படிப்பட்டவரிடம் போய் எதைக் கேட்பது?

துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்த மகன் கவியரசன் வீடியோ காலில் வந்தான்.

"ஆத்தா, ஒங்க வீடியோ இங்க எல்லார் போன்லயும் ஓடுது. மாமா ஆளுநரா இருக்குற ஊர்ப் பய ஒருத்தன் என் ரூம்லயே இருக்கான். அவன்தான் காட்டுனான். அவங்க பாஷையில கீழ எழுதிப் போட்டிருக்காங்க."

"நான் என்னடா சொல்லிட்டேன் அப்புடி?"

"ஒண்ணும் சொல்லல. இல்லாதத இல்லேன்னு சொன்னீங்க." பக்கத்தில் இருந்தவனைக் கையால் காட்டித் தொடர்ந்தான். "இவன் எம்.எஸ்சி. படிச்சவன் ஆத்தா. காலேஜ் வாத்தியார் வேலைக்குப் போனா, அங்க மேலயிருந்து கீழ வரைக்கும் காசு இல்லாம முடியாதுன்னுட்டாங்களாம். இங்க வந்து என்கூட ஏசி கழுவுறான்."

பக்கத்திலிருந்து ஒரு மெலிந்த பையனின் முகம் திரைக்குள் எட்டிப் பார்த்தது. அவன் இரண்டு கையையும் கூப்பினான். அவன் பேசியது அவளுக்குப் புரியவில்லை. அவளும் கையைக் கூப்பினாள்.

அடுத்தடுத்த நாட்களில் கண்டதை அவளால் நம்பவே முடியவில்லை. மேகம் இறங்கிக் கிடக்கும் ஒரு மலை நகரம். மழை பெய்கிறது. தெருவை அடைத்துக்கொண்டு மாணவர்கள் நடக்கிறார்கள். கேமரா எவ்வளவு உயரம் போனாலும் கூட்டத்துக்கு முடிவு தெரியவில்லை. அத்தனை பேர் கையிலும் ஒரே படம். மோர் சொம்போடு நிற்கும் பிரகதாம்பாள். அவள் சொன்ன வார்த்தையை அவர்கள் எழுத்தில் எழுதி, உச்சரிப்பு பிசகினாலும் தமிழிலேயே கோஷம் போட்டார்கள். "எனக்கு எதுங்கா தோட்டம்!" என்று அந்த மலைத் தெரு முழுக்க அதிர்ந்தது. பெரியகருப்பன் சோற்றில் கையை வைத்தபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பயமும் இருந்தது, ஆனால் அது வெறும் பயம் இல்லை. தான் பார்த்தே இராத பிள்ளைகள், தன் பாஷை தெரியாத பிள்ளைகள், தான் மாட்டுக் கொட்டிலில் நின்று சொன்ன ஒரு பேச்சைத் தூக்கிக்கொண்டு மழையில் நடக்கிறார்கள். இது எப்படி நடக்கும் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் போன் செய்தார்.

"பிரகதா, நீ டிவியில சொன்னத மாத்திச் சொல்லணும். விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. 'தோட்டம் என்னோடதுதான், எம் மகன் சம்பாரிச்சு வாங்குனது'ன்னு நீ சொல்லு."

"அவன் அனுப்புனதுல வீட்டுக்குச் சிமெண்டுத் தளம் போட்டதோட சரிண்ணே."

"அத நான் பாத்துக்குறேன். சட்டப்படி அது ஒன் பேருல இருக்கு. அப்ப அது ஒன்னோடதுதானே? எனக்கு அது வேணாம், நீயே வச்சுக்க. கவியரசன அங்கேருந்து வரச்சொல்லு. காலம் பூரா ஒக்காந்து சாப்புடலாம்." அவர் குரல் தணிந்தது. "நீ இத மட்டும் சொல்லலேன்னா நான் முடிஞ்சேன்."

அண்ணன் கெஞ்சி அவள் கேட்டதே இல்லை. "நான் அதக் கண்ணால பாத்ததுகூட இல்லண்ணே. பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றாள்.

மறுநாளே புருஷனும் பெண்டாட்டியும் திருமயத்துக்கு பஸ் ஏறினார்கள். அங்கிருந்து ஆட்டோ பிடித்துப் போனபோது கோட்டை பின்னால் தள்ளிப்போய், பொட்டல் வெளி தொடங்கி, திடீரென்று ஒரு நீண்ட மதில் வந்தது. ஆட்டோ அந்த மதில் ஓரமாகவே ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு கல் வளைவின் முன் நின்றது. இறங்கி நிமிர்ந்து பார்த்த பிரகதாம்பாள் அப்படியே நின்றுவிட்டாள்.

'பிரகதாம்பாள் தோட்டம்' என்று கருங்கல்லில் செதுக்கியிருந்தது. ஒவ்வொரு எழுத்தும் அவள் இடுப்பு உயரத்துக்கு இருந்தது.

காவலுக்கு இருந்த ஜெரால்டு என்பவர் முதலில் அவர்களை விரட்டப் பார்த்தார். பிறகு டிவியில் பார்த்த முகம் என்று அடையாளம் கண்டு, பதறிக்கொண்டு கேட்டைத் திறந்தார். "ஓனரம்மாவா! ரெண்டு வருஷமா வேலை பாக்குறேன், ஒரு தடவகூட ஒங்களப் பாத்ததில்லைங்க."

உள்ளே மாமரங்கள் வரிசை வரிசையாக நின்றன. காய் கனத்துக் கிளைகள் தரையைத் தொட்டன. அதற்கப்பால் தென்னை, அதற்கும் அப்பால் எலுமிச்சை. வைகாசி வெயிலில் வெளியே புல் பூண்டு கருகிக் கிடக்க, இங்கே காற்றுகூட ஈரமாக இருந்தது. ஜெரால்டு அவர்களைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். பாறையை வெட்டி இறக்கிய கிணறு. ஒரு குளத்தையே தூக்கி உள்ளே வைத்தது போல அகலம். எட்டிப் பார்த்தால் கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர் பச்சையாக அசைந்துகொண்டிருந்தது. வானத்தைப் பார்த்தே விதைத்துப் பழகியவளுக்கு அதைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. படியில் இறங்கிக் கையை நனைத்தாள். குளிர்ந்து கிடந்தது. இத்தனை தண்ணீரும் தன் பெயரில் இருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குத் தலை சுற்றியது.

பெரியகருப்பன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "நம்ம பேருலதானே இருக்கு, பிரகதா. நாமளா போய் யாருகிட்டயும் கேட்டோம்?"

அவளுக்கும் ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

"இதுல ஒரு மரத்துக்காச்சும் நாம தண்ணி ஊத்தியிருக்கோமா?" என்று கேட்டாள்.

"ஊத்தலதான். இனிமே ஊத்துவோம்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவள் சொன்னாள். "கவியரசன்கூட ஒரு பய கையெடுத்துக் கும்புட்டான். அவன் வேலைய வித்துத்தான் இத வாங்கியிருக்காங்க. இந்தத் தண்ணிய நான் எப்புடிக் குடிப்பேன்?"

பெரியகருப்பன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

ஆளுநர் பதவியில் இருக்கும்வரை அவர்மேல் வழக்கு நடத்த முடியாது. அதனால் துணைவேந்தர்மேல் போட்ட வழக்கில்தான் அவளைச் சாட்சியாகத் திருச்சிக்கு அழைத்தார்கள். தெரிந்த வக்கீல் ஒருவர் எச்சரித்திருந்தார். தோட்டம் தன்னுடையது இல்லை என்று சொன்னால், பிறகு ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று அவள்மேலும் வழக்கு வரலாம். ஊரில் பாதிப் பேர் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அண்ணன் கொண்டுவருவதாகச் சொன்ன காலேஜ் இனி வராது என்பது அவர்கள் கோபம். "கூடப்பொறந்தவனயே மாட்டிவிடுறாளே" என்று கடையில் அவள் காதுபடவே சொன்னார்கள்.

விசாரணை அறையில் மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். மூத்தவர் வடநாட்டுக்காரர். மற்றொருவர் அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்.

"அந்தத் தோட்டம் யாரோடதும்மா?"

"என்னோடது இல்லைங்க. அண்ணன் சொல்லி அனுப்புனாரு, கோயிலுக்குன்னு நெனச்சுக் கையெழுத்துப் போட்டேன். படிச்சுப் பாக்காமப் போட்டது என் தப்பு."

மூத்தவர் ஏதோ சொன்னார். மற்றவர் தமிழில் கேட்டார். "இதச் சொன்னா ஒங்க அண்ணனுக்கு என்ன ஆகும்னு தெரியுமா? ஒங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"டிவியில சொன்னப்பத் தெரியாதுங்க. இப்பத் தெரிஞ்சுதான் சொல்றேன்."

அது மொழிபெயர்க்கப்பட்டதும் மூத்த அதிகாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் முன்னால் இருந்த தண்ணீர்க் குவளையை அவள் பக்கமாக நகர்த்தினார். அவள் குடித்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஆத்மநாதன் ராஜினாமா செய்தார். துணைவேந்தர் கைதானார். அந்த மாநிலத்தில் ஆத்மநாதன் காலத்தில் போட்ட நியமனங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வந்தார். இன்னும் இரண்டு மாநிலங்களில் இதே கேள்வி கிளம்பியது. திருமயம் தோட்டத்துக்கு அரசாங்கம் சீல் வைத்தது. வேலை போன ஜெரால்டு இலுப்பூரில் ஒரு நெல் கடையில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டு, பிரகதாம்பாள் ஒருநாள் போய் அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். அவள்மேல் வழக்கு வரவில்லை. ஆத்மநாதன் கைதாகி, சில மாதங்கள் உள்ளே இருந்து ஜாமீனில் வந்தார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் அவர் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றார். கார் இல்லை, போலீஸ் இல்லை. இளைத்திருந்தார். வேட்டி ஓரத்தில் சேறு தெறித்திருந்தது.

"வாங்கண்ணே" என்று இலை போட்டாள். அவர் சாப்பிட உட்கார்ந்தார். ரசத்துக்கு வந்தபோதுதான் வாய் திறந்தார்.

"அந்தப் பசங்க ராஜ்பவன் வாசலுக்கு வந்தப்ப நான் மாடி ஜன்னல்ல நின்னேன். போலீசக் கூப்பிட்டுக் கலைக்கச் சொல்லணும், போனக் கையில வச்சிருந்தேன். கீழ பாத்தா எல்லார் கையிலயும் நீ. சொம்போட நிக்கிற. ஆயிரம் பிரகதா. எந்த ஜன்னலுக்குப் போனாலும் நீ என்னையப் பாத்துக்கிட்டே நிக்கிற." அவர் இலையைப் பார்த்தபடியே சொன்னார். "என்னால அடிக்கச் சொல்ல முடியல. போன வச்சுட்டேன்."

மலையும் மழையும் கூட்டமும் மறுபடி கண்முன் வந்தன. அந்தப் பிள்ளைகள்மேல் ஒரு அடியும் விழாமல் போனதற்கு இதுதான் காரணம் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

"ஒன்மேல எனக்குக் கோவம் இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியல" என்றார்.

"இருந்தா இருக்கட்டும்ணே. மோர் ஊத்தவா?"

சாப்பிட்டு முடித்ததும் அவள் அவரோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் பழக்கதோஷத்தில் பாதி எழுந்து, எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் நின்றார்கள். ஆத்மநாதன் தலையைக் குனிந்துகொண்டார். டவுன் பஸ் வந்தது. கண்டக்டர் இளவயதுக்காரர். ஏறுகிறவர் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

பிரகதாம்பாள் படியருகே போய், கடையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். "எங்க அண்ணன்தாங்க. ஒக்கார எடம் பாத்துக் குடுங்க."