ஐந்து நிமிடம் முந்திய சூரியன்

"பிப்ரவரி 14. அட்டவணையின் தலைப்பில் எந்த ஊர் நேரம் என்று போட மறந்துவிட்டேன். அனுப்பும் முன் 'கிரீன்விச்' என்று சேர்த்தேன். சிறிய தவறுதான்."

மாலை வகுப்புக்குக் கிளம்பும் அவசரத்தில், கணக்கீட்டுப் பிரிவின் இளம் ஊழியரான ஸ்லாதா தன் பணிக்குறிப்பில் இப்படி எழுதிவைத்தாள். மறுநாள் பகல், மாஸ்கோவை அடுத்த கரல்யோவ் நகரின் விண்வெளிக் கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆளில்லாச் சரக்குக் கலத்தின் தானியங்கி வழிகாட்டி பாதியில் கைவிட்டுவிட்டது. விண்வெளி நிலையத்திலிருந்த ரோதியோன், கலத்தின் கேமராப் படத்தைப் பார்த்து அதைக் கையாலேயே ஓட்டிக்கொண்டிருந்தான். சூரியன் அந்தக் கேமராவை எப்போது கூசவைக்கும் என்று சொன்னது ஸ்லாதாவின் அட்டவணை.

அதன்படி சூரியன் கூசும் நேரம் கடந்தாகிவிட்டது. ஆனால் திரை ஒருமுறைகூட வெளுக்கவில்லை.

அட்டவணையின் எண்களை அவள் மறுபடி பார்த்தாள். அவை மாஸ்கோ நேரம். நிலையத்தின் கடிகாரம் கிரீன்விச். இரண்டுக்கும் மூன்று மணி நேர வித்தியாசம். நிலையம் பூமியை இரண்டு சுற்று வர அதைவிட ஐந்து நிமிடம்தான் கூட. சுற்றுக்கு ஒருமுறை சூரியன் அதே இடத்தில் வரும் என்பதால், தப்பான அட்டவணையும் ஐந்தே நிமிடம் முந்திக் காட்டி, சரியானதுபோலவே இருந்தது. சூரியன் இனிமேல்தான் வரும். அப்போது கலம் நிலையத்தை உரசும் தூரத்தில் இருக்கும், ரோதியோனுக்குத் திரையில் ஒன்றும் தெரியாது.

இப்போதும் தப்பாகக் கணக்குப் போடுகிறேனோ?

"அர்க்காதி பாவ்லோவிச், கலத்தை நிறுத்தச் சொல்லுங்க."

பணிமுறைத் தலைவர் திரும்பவில்லை. "எழுபது மீட்டருக்கு வந்துடுச்சு. இப்பவா?"

"சூரியன் இன்னும் வரல. நான் மாஸ்கோ நேரத்துக்குக் கிரீன்விச்னு தலைப்புப் போட்டுட்டேன்."

"மாலை வகுப்புல இதத்தான் சொல்லித்தராங்களா?" என்றபடியே அவர் ஒலிவாங்கியை அழுத்தினார். "ரோதியோன், அங்கயே நிறுத்து."

"சரக்குல வர்ற ஆப்பிள் வாசனை மூக்கு வரைக்கும் வந்துடுச்சு, இப்பப் போய் நிறுத்தச் சொல்றீங்களே," என்றது வானொலி.

கலம் நின்றது. ஒரு நிமிடம். இரண்டு. திரை தெளிவாகவே இருந்தது. யாரோ பேனாவைத் தட்டினார்கள். ஸ்லாதா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

திடீரென்று திரை முழுக்க வெளுத்தது.

"ஒண்ணுமே தெரியல," என்றான் ரோதியோன். அவன் குரலில் இப்போது கேலி இல்லை. "வெள்ளைத் துணிய விரிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

"தொடாத. கைய எடுத்துடு," என்றார் அர்க்காதி பாவ்லோவிச்.

வெளிச்சம் வடிய மூன்று நிமிடம் ஆனது. பிறகு கலம் மெல்ல நகர்ந்து, இணைப்பு வாயிலில் பொருந்தியது. யாரும் கைதட்டவில்லை.

அர்க்காதி பாவ்லோவிச் காதிலிருந்த ஒலிக்கருவியைக் கழற்றினார். "வாயத் திறந்த, நல்லது. கூட்டத்துலயும் நீயே திறக்கணும். நான் சொல்லமாட்டேன்."

"சரிங்க."

நாளைக் காலை ஒன்பது மணிக்கு விசாரணைக் கூட்டம். தவறு தன்னுடையது என்று அவள் முதலில் எழுந்து சொல்ல வேண்டும்.