படிக்கட்டுத் திருப்பம்

சவப்பெட்டி மாடிப்படித் திருப்பத்தில் இடித்து நின்றுவிட்டது. வெறும் பெட்டிதான். அதை மேலே ஏற்றத்தான் நாலு பேரும் மல்லுக்கட்டினார்கள்.

“நிமித்திப் பாருங்கப்பா,” என்றான் மரியராஜ், செத்தவரின் தம்பி.

நிமிர்த்தினால் கூரை தட்டியது. கீழே மாவு மில்லை அன்று அடைத்திருந்தார்கள். நாலு மணிக்குக் கோயிலில் அடக்கப் பூசை.

புஷ்பமேரி மாடி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் அவள் கணவர் மிக்கேல்ராஜ். நேற்றுக் காலை பல் துலக்கிவிட்டு வந்து உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். ஐம்பத்து மூன்று வயது.

ஆந்திரக் கரையில் ஒரு கப்பல் தளத்தில் இருபத்திரண்டு வருஷம் வரைபடம் போட்டவர். விருப்ப ஓய்வு வாங்கி வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. அதுவரை வருஷத்துக்கு இரண்டு தடவை லீவில் வருவார். சாப்பிடும்போது கப்பலைப் பற்றிக் கொஞ்சம் சொல்வார். கரையோரம் காவல் காக்கும் போர்க்கப்பல். ஆழமில்லாத தண்ணீரிலும் ஓட வேண்டும், அதனால் கனம் ஏறக் கூடாது. துண்டு துண்டாகத் தலைகீழாய் வைத்துப் பற்றவைத்து, பிறகு கிரேனால் புரட்டிச் சேர்ப்பார்கள் என்று தட்டைக் கவிழ்த்துக் காட்டுவார். சுவரெல்லாம் சரிவாகத்தான் இருக்குமாம். அப்போதுதான் எதிரியின் ரேடாரில் சின்னதாகத் தெரியும்.

“நெட்டுக்குத்தாச் சுவர் எழுப்பத் தெரியலைன்னு சொல்லுங்க,” என்பாள்.

அவர் சிரித்துக்கொண்டே தட்டை நிமிர்த்தி ரசத்துக்கு நீட்டுவார்.

மகள் ஜோஸ்பின் பிறந்தபோது அவர் வரவில்லை. கொடி சுற்றி, ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை. ‘வேலை முடியவில்லை’ என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. பிள்ளைக்கு எழுபது நாள் ஆன பிறகுதான் வந்தார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் கப்பலைப் பற்றியும் கேட்டதில்லை.

“சித்த நேரம் நிறுத்துங்கப்பா.”

பேகம்பூர் முகமது பாரூக் படியேறி வந்தார். அதே கப்பல் தளத்தில் வெல்டராக இருந்தவர். திருப்பத்தை ஜாண் போட்டு அளந்தார். பிறகு படியிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“கப்பல்லயும் இதே கூத்துத்தான் மதினி,” என்றார். “அடிபட்டவன ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போற வழி. படத்துல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அண்ணன் நம்பல. அந்த வழிய அதே அளவுல பலகையில அடிச்சு, உள்ள ஸ்ட்ரெச்சர்ல தானே படுத்துக்கிட்டு தூக்குங்கடான்னாரு. திருப்பத்துல சிக்கிக்கிச்சு.”

“அப்பறம்?”

“கையெழுத்தான படம், மாத்த முடியாதுன்னு பெரிய ஆளுக ஒரே சண்டை. அண்ணன் விடல. பைப்பு, கேபிள் அம்புட்டையும் நகட்டி மறுபடி வரஞ்சாரு. ரெண்டு மாசம் ஆபீஸ்லதான் படுக்கை.”

“எந்த வருஷம்ணே?”

பாரூக் யோசித்தார். “தொண்ணூத்தஞ்சு. புள்ள பொறந்த தந்தி வந்தப்ப அந்த ஸ்ட்ரெச்சர்லதான் படுத்திருந்தாரு. வாசிச்சாரு. சட்டைப்பையில வச்சுக்கிட்டு, இன்னொருக்கா தூக்குங்கடான்னாரு. எங்களால ஆட்டாமத் தூக்க முடியல மதினி. மனுசன் உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுகுது.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்றாள் புஷ்பமேரி.

பன்னிரண்டு வயது ஜோஸ்பின் வந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

“பெட்டியக் கீழயே எறக்கி வச்சிருங்க,” என்றாள் புஷ்பமேரி. “அவரத் தூக்கிட்டு வாங்க.”

போர்வையில் கிடத்தித் தூக்கினார்கள். தலைப்பக்கம் பாரூக் பிடித்துக்கொண்டார். புஷ்பமேரி முன்னால் போனாள். பொம்பளை எதற்கு முன்னால் என்று யாரோ சொன்னார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவரைத் தடவியபடி பின்பக்கமாகவே இறங்கினாள்.

திருப்பத்தில் காரை பெயர்ந்து செங்கல் முனை நீட்டிக்கொண்டிருந்தது. புஷ்பமேரி அதன்மேல் தன் புறங்கையை அழுத்தி வைத்தாள். அவருடைய சீவிவிட்ட தலைமயிர் அவள் உள்ளங்கையில் உரசிக்கொண்டு திரும்பியது.

அவள் அடுத்த படியில் காலை வைத்தாள்.