‘இல்லை’ என்று தட்டியவர்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. என் அண்ணியை வேலையை விட்டு அனுப்பிய நிறுவனம் அதற்கான காரணத்தை ஒரே வரியில் எழுதியிருந்தது: ‘வெளியீட்டின்போது தவறு நேர்ந்துவிட்டது.’ நேர்ந்துவிட்டதாம்! மழை பெய்துவிட்டது, பால் பொங்கிவிட்டது என்பதுபோல. யாரும் எதுவும் செய்யவில்லை. தவறு தானாக நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. வாக்கியங்களை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் நான். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு கண்சிமிட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில்’ — வேண்டாம். அழகாக இருக்கிறது. அழகு இங்கே எதற்கு?

அடுத்தது: ‘கண்ணீர் மல்க அண்ணி’ — இதை அண்ணியே அடித்துவிட்டார்.

“நான் அழவே இல்ல தம்பி. அழுதேன்னு எழுதினா, தப்பு பண்ணிட்டு அழுதான்னு நினைப்பாங்க. நடந்தத எழுதுங்க.”

சரி, நடந்தது.

2

மற்றவர்கள் எழுதும் மென்பொருளைப் பொதியாகக் கட்டி வெளியே அனுப்புவது அண்ணியின் வேலை. அதற்கென்று ஒரு கருவி இருந்தது. பொத்தான், படம் எதுவும் கிடையாது. கட்டளையைத் தட்டினால் வேலை செய்யும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அது மூன்று எண்கள் கொண்ட ஒரு பதிப்பெண் கொடுக்கும். சில்லறைத் திருத்தம் என்றால் கடைசி எண் கூடும். புது வசதி என்றால் நடு எண். ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்களின் வேலை கெடும் என்றால் முதல் எண்.

(சலிப்பாக இருக்கிறதா? இந்தச் சலிப்பை நம்பித்தான் நிறுவனத்தார் காரியத்தை முடித்தார்கள். கொஞ்சம் பொறுங்கள்.)

அனுப்பும் முன் கருவி ஒரு கேள்வி கேட்கும்: ‘இதனால் பழைய பயனர்களின் வேலை பாதிக்கப்படுமா?’ ‘ஆம்’ என்று தட்டினால் முதல் எண் மாறும். மருத்துவமனைகள் சோதித்துப் பார்த்த பிறகுதான் ஏற்கும். ‘இல்லை’ என்று தட்டினால் கடைசி எண் மட்டும் மாறும். அங்குள்ள இயந்திரங்கள் யாரையும் கேட்காமல் தாமே ஏற்றுக்கொள்ளும்.

மருத்துவமனை என்று இப்போதுதான் சொல்கிறேன், முன்பே சொல்லியிருக்க வேண்டும். நோயாளியின் உடம்பில் மருந்து எவ்வளவு வேகமாக இறங்க வேண்டும் என்று கணக்கிடும் பொதி அது. அதுவரை மணிக்கு இவ்வளவு என்று விடை சொல்லிவந்தது. புதிய பதிப்பில் அதை நிமிடக் கணக்காக மாற்றியிருந்தார்கள். பழைய இயந்திரம் அதையும் மணிக் கணக்கு என்று எடுத்துக்கொண்டால், மருந்து இறங்குவது ஏறக்குறைய நின்றே போகும்.

3

“‘இல்லை’ன்னு தட்டி அனுப்பிடும்மா,” என்றார் மேலாளர். “முதல் எண்ண மாத்தினா ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் சோதனை, கூட்டம்னு இழுத்தடிப்பாங்க.”

“பாதிக்கும்னு தெரிஞ்சே எப்படி சார் ‘இல்லை’ன்னு தட்டுறது?”

“ஒரு நம்பர்தானே?”

“அந்த நம்பர நம்பித்தான் சார் அவங்க பார்க்காமலே ஏத்துக்கிறாங்க.”

மேலாளர் கோபப்படவில்லை. சாயங்காலம் அண்ணி கிளம்பும்போது, ஓர் அறிக்கை எடுக்க வேண்டும், கணினியைத் திறந்தே வைத்துவிட்டுப் போ என்றார். அண்ணி வைத்துவிட்டுப் போனார்.*

(* “ஏன் வைத்தாள்?” என்று சிலர் கேட்கிறார்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டால், உள்ளே புகுந்தவன் விருந்தாளி ஆகிவிடுவானா?)

மறுநாள் மதியம் ஒரு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தபோதுதான் அண்ணிக்கே விஷயம் தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த ஒரு தச்சர் காலை முழுவதும் வலியில் கத்தியிருக்கிறார். திரையில் எல்லாம் சரி என்று பச்சை விளக்கு. “மருந்து போய்க்கிட்டுதான் இருக்கு, கொஞ்சம் பொறுத்துக்கங்க” என்று ஆளாளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மனிதர் போர்வையைக் கடித்துக் கிழித்துவிட்டார். கடைசியில் ஒரு செவிலியர் திரையை விட்டுவிட்டு மருந்துப் பையைப் பார்த்தார். பை அப்படியே நிரம்பியிருந்தது.

கருவியின் பதிவில் ‘இல்லை’ என்று விடை இருந்தது. தட்டியவர் என்ற இடத்தில் அண்ணியின் பெயர்.

4

அண்ணி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்றார். பழைய கணக்கையே அடுத்த எண்ணில் வெளியிட்டு, அதோடு போகும் மாற்றக் குறிப்பில் எல்லா மருத்துவமனைகளும் படிக்கும்படி எழுதினார்: ‘முந்தைய பதிப்பு பொய்யான எண்ணோடு அனுப்பப்பட்டது. உடனே நீக்கவும்.’

மேலாளர் ஓடி வந்தார். “பொய்னு எதுக்கும்மா போட்ட? பிழைன்னு போட்டிருக்கலாமே!”

“பிழைன்னா தெரியாம நடந்தது சார்.”

‘தட்டியது நான்தான்’ என்று எழுதிய ஒரு தாளை நீட்டினார்கள். அண்ணி கையெழுத்துப் போடவில்லை. அன்றே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் அண்ணன், “போட்டுத் தொலைச்சிருக்கலாம். வேற இடத்துல வேலை தேடுறப்ப உன்னப் பத்தி என்ன சொல்லுவாங்க?” என்றார்.

“அந்த ஆளு கத்தினதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?” என்று கேட்டார் அண்ணி.

முதல் வரைவில் மேலாளருக்குத் தொந்தியும் உருட்டும் விழியும் கொடுத்திருந்தேன். அண்ணி படித்துவிட்டு, “அவரு அப்படி இல்ல தம்பி. எல்லார்கிட்டயும் மரியாதையாத்தான் பேசுவாரு. மேலேர்ந்து நெருக்கினாங்க, பயந்துட்டாரு,” என்றார். திருத்திவிட்டேன். என் கோபம் இரட்டிப்பானதுதான் மிச்சம். பயந்தவர் தன் பெயரிலேயே தட்டியிருக்கலாமே!

5

மருத்துவமனை விசாரணை வைத்திருக்கிறது. மேலாளர் தட்டியதைப் பார்த்தவர் ஒரே ஒருவர்: அண்ணிக்குப் பக்கத்து நாற்காலிக்காரர். எப்போதும் காதில் மாட்டிக்கொண்டே இருப்பதால் அலுவலகத்தில் அவருக்கு ‘ஹெட்போன்’ என்றே பெயர். அண்ணி அவருக்குப் போன் செய்தபோது நானும் கூட இருந்தேன்.

“பார்த்தேன்க்கா. அவர்தான் உங்க சீட்ல உக்காந்து தட்டினாரு. ஆனா கூப்பிட்டுக் கேட்டா என்ன சொல்றதுன்னு… எனக்கும் வேலை வேணும்லக்கா.”

அண்ணி அவரைத் திட்டவில்லை. “சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். எனக்குத்தான் தாங்கவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து முடிவுகளை எழுதித் தள்ளினேன்.

(அ) விசாரணையில் ஹெட்போன் எழுந்து நின்று, நடுங்கும் குரலில் எல்லாவற்றையும் சொல்—

(ஆ) ஹெட்போன் தலையைக் குனிந்தபடி, “நான் கவனிக்கல சார்” என்று—

(இ) மேலாளரே மனம் தாங்காமல் — சிரிக்காதீர்கள், கோபத்தில் எழுதியது.

அண்ணி மூன்றையும் படித்தார். பேனாவை வாங்கி மூன்றின் மேலும் கோடு போட்டார்.

“அவன் இன்னும் சொல்லாதத அவன் பேருல நீங்க சொல்லாதீங்க தம்பி. அவனே சொல்லட்டும். இல்ல, சொல்லாம இருக்கட்டும்.”

ஆகவே இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. தச்சர் பிழைத்துக்கொண்டார், வீடு திரும்பிவிட்டார். அண்ணிக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. வருகிற திங்கட்கிழமை விசாரணை. ஹெட்போனைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வாசகரே, நீங்களும் எங்கோ ஓர் அலுவலகத்தில் யாருக்கோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். எதையோ பார்த்திருப்பீர்கள். ஹெட்போன் என்ன சொல்வார் என்று என்னைக் கேட்காதீர்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள்?