வெண்டைக்காய் முத்திரை

பள்ளிகளின் டெபுடி இன்ஸ்பெக்டர் அருணகிரி அன்றைக்கு எழுதப்போகும் நாலு வரியில்தான் என் வேலை நிரந்தரமாவது இருந்தது. 1971. இரண்டு வருடமாக 'தற்காலிக ஆசிரியை கிரேஸ்' என்றே கையெழுத்துப் போட்டு எனக்கு அலுத்துவிட்டது.

கைவேலை வகுப்பைப் பார்ப்பாராம். கைவேலைக்கென்று வரும் கலர் சாக்பீஸைத் தலைமையாசிரியர் மணவாளன் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். அதனால் வெண்டைக்காயை நம்பினேன். குறுக்கே நறுக்கி, சிவப்பு மையில் தொட்டுத் தாளில் அழுத்தினால் ஐந்து இதழ்ப் பூ விழும். காய் கொண்டுவந்தவள் நாலாம் வகுப்பு எல்லம்மா. அவள் அம்மா, ஆந்திர எல்லையில் லாரி பில்லுக்கு முத்திரை குத்தும் எளாவூர் செக்போஸ்ட் வாசலில் நாஷ்டா கடை வைத்திருந்தாள்.

பள்ளிக்கு ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நெடுஞ்சாலை ஓரப் புளியமரத்தடியில் மேசை போட்டு, "சத்தம் போடாம வரிசையா வந்து பூ வைங்க" என்று சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டரை அழைத்துவர பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

ஒரு மணி நேரமாகியும் பஸ் வரவில்லை. சாலையில் லாரிகள் வரிசையாக நின்றன. செக்போஸ்டுக்கு ஒரு மைல் தூரத்தில் அது தினப்படி காட்சி என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் இன்ஸ்பெக்டர் நடந்தே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இன்னாம்மா, புதுசா செக்போஸ்ட் போட்டுக்கிறாங்களா? பஸ்ஸு நவுரவே இல்ல, பேஜாரா பூட்ச்சி!"

புளியமரத்தை நெருங்கியதும் எனக்கு விளங்கிவிட்டது. மேசை, வரிசை, சிவப்பு முத்திரை. இந்த மூன்றையும் ஒரே இடத்தில் பார்த்தால் அந்தச் சாலையில் எந்த டிரைவரும் கேள்வி கேட்காமல் வண்டியை ஓரங்கட்டிவிடுவான். என் நாற்காலியில் எல்லம்மா. எதிரே மீசைக்கார டிரைவர் ஒருவர் பவ்யமாக நின்றிருந்தார்.

"இன்னா லோடு?"

"இரும்பும்மா."

"பில்லு காட்டு நைனா."

ஒரு பூ விழுந்தது. பின்னால் நின்ற மொத்த வகுப்பும் "ரைட்!" என்று கத்தியது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் அந்த பில்லை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"எத்தினி வண்டிம்மா?" என்று எல்லம்மாவைக் கேட்டார்.

"பதினேழு சார். ஒர்த்தருக்குப் பூ சரியா வுழல, அவருக்கு மட்டும் ரெண்டு வெச்சேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் உட்கார்ந்து அறிக்கையை எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'மாணவர்கள் கைவேலையை வாழ்க்கையோடு இணைத்துக் கற்கிறார்கள். ஆசிரியையை நிரந்தரம் செய்யலாம்.' கையெழுத்துப் போட்டவர் பையைத் துழாவினார்.

"அடடா, சீல பஸ்லயே வுட்டுட்டேன். சரி, கையெழுத்தே போதும்."

"சீல் இல்லாம ஆபீஸ்ல வுட மாட்டாங்க சார்" என்ற எல்லம்மா, நான் பாய்வதற்குள் அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு பூவை அழுத்திவிட்டாள். என் வேலை அதோடு போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் தாளை ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் கழித்து நிரந்தர உத்தரவு வந்தது. கூடவே அந்த அறிக்கையும். வெண்டைக்காய்ப் பூவின் மேல் பாதி படும்படி ஆபீஸ் குமாஸ்தா தன் வட்ட முத்திரையைக் குத்தி, 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதியிருந்தார்.

சந்தோஷம் தாங்காமல் எல்லம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அந்த வட்டத்தை உற்றுப் பார்த்தாள்.

"இது இன்னா காய் டீச்சர்?"