மூன்றாவது சாட்சி

குள்ளம் என்ற சொல்லின் பெட்டி அகராதி அலுவலகத்தில் ஆறாவது தட்டில் இருந்தது. அதை எடுக்க, அச்சில் சொல் வந்த வரிகளை வெட்டி அட்டையில் ஒட்டிச் சேர்க்கிற அட்டைக்காரர் முக்காலியில் ஏறி, முக்காலியின் மேல் பழைய பதிப்பின் முதல் தொகுதியை வைத்து, அதன் மேலும் ஏற வேண்டும். நாலடி ஒரு அங்குல மனிதருக்கு வேறு வழியில்லை. இருபத்திரண்டு வருடம் ஏறி இறங்கியதில் அந்தத் தொகுதியின் அட்டையில் அவர் பாதம் பள்ளமாகவே விழுந்திருந்தது. மழைக்காலத்தில் அதில் தண்ணீர் தேங்கும் என்று சொல்பவர்களும் உண்டு. பெட்டியைக் கீழ்த்தட்டுக்கு மாற்றச் சொல்லி பதினொரு விண்ணப்பம் கொடுத்துப் பார்த்தார். அகர வரிசை குலைந்துவிடும் என்று பதினொன்றுக்கும் ஒரே பதில் வந்தது.

அந்தச் சொல் அவரிடம் வந்ததும் ஒரு கதைதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பதிப்பாசிரியர் அம்மாள் சொற்களைப் பங்கு போட்டுக்கொண்டே வந்து, அவரைப் பார்த்ததும் கொஞ்சம் குனிந்து, "இது உங்களுக்குத் தெரியாததா?" என்று அந்தப் பெட்டியைக் காட்டினார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். நல்லெண்ணத்துக்குப் பதில் சொல்ல முடியாது. பெட்டியை வாங்கிக்கொண்டார்.

பழைய பதிப்பில் அந்தச் சொல்லுக்கு ஒரே வரிதான் இருந்தது. 'உயரக் குறைவு; சூழ்ச்சி.' நடுவில் ஓர் அரைப்புள்ளி. அந்த அரைப்புள்ளியை வெட்டி, இரண்டையும் ஒன்று, இரண்டு என்று தனித்தனி எண் போட்டு நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. உயரம் குறைந்தவன் பாட்டுக்கு உயரம் குறைந்திருக்கட்டும், சூழ்ச்சிக்காரன் பாட்டுக்குச் சூழ்ச்சி செய்யட்டும். ஆனால் அலுவலக விதி கறாரானது. ஒரு பொருள் தனியாக நிற்க வேண்டுமானால் அச்சில் வந்த மூன்று வரிகள் அதற்குச் சாட்சியாக வேண்டும். மூன்றிலும் மற்றப் பொருளின் வாடையே அடிக்கக் கூடாது.

தேடினார். ஆயிரத்து நூற்று நாற்பது அட்டை சேர்ந்தது. குள்ளர்கள் புதையலுக்குக் காவல் இருந்தார்கள். மூன்றடி நிலம் கேட்டு உலகத்தையே அளந்தார்கள். அரசவையில் குட்டிக்கரணம் போட்டார்கள். எரிந்து தீர்ந்த நட்சத்திரம் குள்ளனாயிற்று, இடுப்புக்கு மேல் வளராத மரம் குள்ளனாயிற்று. வேரைத் தோண்டிப் போனால் 'குறு' வந்தது. அதே வேரிலிருந்து குறுகல், குறுக்கு, குறை என்று கிளைகள் போயின. அளவைச் சொல்லக் கிளம்பிய சொல் எப்படிக் குற்றப்பத்திரிகையானது என்று அவருக்கு ராத்தூக்கம் போனது. நரியின் பெயரிலும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. நரி செய்த திருட்டுக்கு நாம் மாட்டிக்கொண்டோம் என்பது அவர் கட்சி. ஒரு பழமொழியும் உண்டு. அதற்கு மட்டும் எண்பது அட்டை. அதை அவர் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது.

ஒரு குள்ளர் சும்மா பேருந்துக்குக் காத்திருந்தார், சட்டைக்குப் பொத்தான் தைத்தார் என்று ஒரு வரி கிடைக்க வேண்டுமே! இரண்டுதான் தேறின. ஒன்று விபத்துச் செய்தி: 'குள்ளமான ஒருவர் முந்திய நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.' இன்னொன்று அச்சான ஒரு தீர்ப்பு: 'சாட்சி குள்ளர், ஐந்து மணிக்கு வீடு திரும்பியவர்.' மூன்றாவது கிடைக்கவில்லை. இன்று மாலை நாலு மணிக்கு 'கு' பக்கங்கள் அச்சுக்குப் போகின்றன. அடுத்த பதிப்பு நாற்பது வருடம் கழித்து. அவருக்கு வயது ஐம்பத்தொன்று.

இரண்டரை மணிக்கு, மெய்ப்புத் திருத்துகிற பையன் வந்தான்; அலுவலகத்தில் அவனுக்கு ஏணி என்று பேர். ஆறடி நாலங்குலம். வாசலில் குனிந்து குனிந்து கேள்விக்குறி மாதிரி ஆகிவிட்டவன். கையில் இலவச விளம்பரத் தாள்.

"அண்ணே, இதப் பாருங்க. சுத்தமான சாட்சி."

மூக்குக்கண்ணாடிக் கடையின் அறிவிப்பு அது. 'குள்ளமான ஒருவர் எங்கள் கடையில் நீலக் குடையை மறந்துவிட்டுப் போனார். வந்து பெற்றுக்கொள்ளவும்.'

அட்டைக்காரர் மூன்று முறை படித்தார். பூதம் இல்லை, புதையல் இல்லை, வஞ்சகம் இல்லை. ஒரு மனிதன், ஒரு மறதி, ஒரு குடை. கண் கலங்கியது. நாலாவது முறை படிக்கும்போதுதான் அந்தக் குடை தன்னுடையது என்று உறைத்தது.

"தம்பி, இது நான்டா."

ஏணி நாற்காலியில் சரிந்தான். "போச்சு. அப்ப செல்லாதே."

அலுவலகத்து ஆளைப் பற்றிய வரி சாட்சியாகாது. முன்பு 'வள்ளல்' என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டவர் தன்னையே வள்ளல் என்று மூன்று துண்டுப்பிரசுரம் அடித்துக் கொண்டுவந்து ஒட்டிவிட்டார். அச்சடித்த கூலியைக்கூட அவர் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த விதி இது.

"யாருக்குடா தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுதே."

"இருபத்திரண்டு வருஷம்டா."

"நான் வாயத் தொறக்கலண்ணே. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். நீங்க பொய் சொல்லி இத உள்ள தள்ளினீங்கன்னா, ரெண்டாவது பொருளுக்கும் ஒரு சாட்சி கூடிடும்."

அட்டைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஏறுவதற்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு வரியை வெட்டி, பசை தடவி, அட்டையில் ஒட்டி, பதிப்பாசிரியர் அம்மாளின் அறைக்குப் போனார். ஏணியும் பின்னாலேயே போனான்.

அம்மாள் மூன்று அட்டைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். "இந்தக் குடைக்காரர் யாருன்னு தெரியுமா?"

"யாரோ ஒருத்தர் மேடம்."

சொல்லி முடித்ததும் அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. இத்தனை வருடம் அச்சில் அவர் தேடியலைந்தது அந்த யாரோ ஒருத்தரைத்தான்.

அம்மாள் பேனா மூடியைக் கழற்றிய நேரம், வாசலில் ஒரு குரல். "மன்னிக்கணும். தெருவுல விசாரிச்சேன், இந்தக் கட்டடம்னு சொன்னாங்க." மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் நீலக் குடையோடு நின்றார். அட்டைக்காரரின் தையற்கார மனைவி, கணவன் கைக்கு அடக்கமாக இருக்க, கம்பியில் ஒரு சாண் அறுத்து, துணியையும் சுருக்கி ஓரம் அடித்துக் கொடுத்த குடை. உலகத்தில் இன்னொன்று கிடையாது.

"சார், நீங்கதானே? புதன்கிழமை வந்து ஏழு கண்ணாடி போட்டுப் பாத்துட்டு, ஒண்ணும் வாங்காம போனீங்களே."

"நான் இல்லீங்க."

"குடை..."

"என்னுது இல்லீங்க." வீட்டில் குடை எங்கே என்று கேட்பாள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மாள் குடையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இந்தப் பக்கம் உங்கள மாதிரி எத்தன பேர் இருப்பாங்க?"

"நிறைய பேர் இருக்கோம் மேடம். யாரும் கவனிக்கிறதில்ல."

ஏணி சன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகத் தேடினான். அம்மாளின் பேனா முனை அட்டைக்கு நூலிழை மேலே நின்றது. கடைக்காரர், "இருங்க, நல்லாப் பாத்துச் சொல்றேன்" என்று குடையை முழங்கையில் மாட்டிக்கொண்டு, தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வாயால் ஊதி, சட்டை நுனியால் ஒரு பக்கத்தைத் துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு மற்றப் பக்கத்தையும் துடைக்க ஆரம்பித்தார்.